மூன்றாம் ஓலை

கிருபாவதி ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்தபோது, ஹெட் நர்ஸ் தபீதாள் டூட்டி லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

"நாளைக்கு சர்ச்சுல என் கல்யாண அறிவிப்பு, மூணாவது ஓலை வாசிக்கிறாங்க சிஸ்டர். அதான் எழுதிக்கினு வந்துட்டேன். திங்கக்கெழமை டாக்டரம்மாகிட்ட நீங்களே குடுத்துடுங்க." கடிதத்தை இன்னொரு தடவை நேராக்கி வைத்தாள். "வேலைய விட மனசே வரல. ரூல்னா இன்னா பண்றது?"

"வெச்சிட்டுப் போ."

கல்யாணமாகும் நர்ஸ் வேலையை விட்டுவிட வேண்டும். சித்தூரில் அந்த மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் விதி. கிருபாவதியைக் கட்டப்போகும் தியோடர் பஸ் கண்டக்டர். டிக்கெட் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாலி கட்டு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த விதி முந்தின நாளே செத்துப்போயிருந்தது. டாக்டரம்மா ஊரில் இல்லாத வெள்ளிக்கிழமை, தபாலில் நிர்வாகத்தின் சர்குலர் வந்தது: வேலையில் ஆணுக்கொரு நியாயம் பெண்ணுக்கொரு நியாயம் சட்டப்படி செல்லாது, கல்யாணத்தைக் காட்டி இனி எந்த நர்ஸையும் நிறுத்தக்கூடாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டியவள் தபீதாள். அவளோ அதை நாலாக மடித்துத் தன் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கடிதம் டாக்டரம்மா கைக்குப் போய்விட்டால் கிருபாவதியின் இடத்துக்கு வேறு பெண் வந்துவிடுவாள். அப்புறம் சர்குலரை ஒட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் தபீதாளுக்கும் ஆர்தருக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். நைனா செத்து, இரண்டு தம்பிகளும் அவள் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்த வருஷம். இரண்டாம் ஓலைக்கு முன்பே போதகர் வீட்டுக்குப் போய், வேலையை விட முடியாது, கல்யாணம் வேண்டாம் என்று நிறுத்தினாள். ஆர்தர் ஒரு வருஷம் பார்த்துவிட்டு எலிசபெத்தைக் கட்டிக்கொண்டான். இப்போது அவன் சபைச் செயலாளர். காணிக்கைப் பையோடு வரிசை வரிசையாக வருவான். பதினெட்டு வருஷமாகப் பையைப் பார்த்துத்தான் அவள் காணிக்கை போடுகிறாள், முகத்தைப் பார்த்ததில்லை.

இந்தக் கிருபாவுக்கு மட்டும் வேலையும் வேணும், புருஷனும் வேணுமா? தபீதாளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிருபாவதி தலை நிறைய மல்லிகையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கல்யாணப் பெண் எதற்காக அழுதாள் என்று அந்தச் சர்ச்சில் தபீதாள் ஒருத்திக்குத்தான் தெரியும். போதகர் இரண்டு பெயர்களையும் வாசித்தார்.

"இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்."

வழக்கம்போல ஒரு இருமல் நேரம் நிறுத்தினார். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அறுபத்திரண்டில் தனக்கு இப்படியொரு காகிதம் வந்து, அதை எவளாவது ஒளித்து வைத்திருந்தால்? தபீதாள் பாட்டுப் புத்தகத்திலிருந்து மடித்த சர்குலரை எடுத்தாள். வயிற்றெரிச்சல் அப்போதும் அடங்கவில்லை. அதோடேயே எழுந்து நின்றாள்.

சர்ச் மொத்தமும் திரும்பியது. கிருபாவதி வெளிறிப்போனாள். போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தடை ஒண்ணு இருந்துச்சுங்க ஐயா," என்றாள் தபீதாள். "எடுத்துட்டாங்க. முந்தாநேத்தே காயிதம் வந்துது. நாந்தான் சொல்லாம வெச்சிக்கினு இருந்தேன். கிருபா வேலைய விட வாணாம்."

போதகர் சைகை காட்ட, ஆர்தர் வந்து சர்குலரை வாங்கிக்கொண்டான். போதகரிடம் கொண்டுபோனவன் நடுவழியில் நின்று பிரித்துப் படித்தான். நாலே வரி. படித்து முடித்த பிறகும் கால் நகரவில்லை. போதகர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மெல்லத் திரும்பினான். தபீதாள் இந்தத் தடவை குனியவில்லை. அவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.