ஓட்டை விட்டுப்போன சிங்கி இறால்

அந்தப் பெரிய மலேரியா வருவதற்கு முந்திய வருஷம்தான் கண்டியில் எங்கள் கட்டுகலைத் தெருவுக்கு உயிரோடு சிங்கி இறால் வந்தது. வந்து இறங்கியது அடுத்த வீட்டு ஹாஷிம் முதலாளி வீட்டில். அவர் மகள் ஹிதாயாவுக்குக் கடற்கரை ஊரான வெலிகமையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஆறு பேர் பகல் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முஸ்லிம் வீட்டு விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அதற்கென்று ஆளுக்கொன்றாக ஆறு இறாலைக் கடல் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டு, அவை ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பானையையும் உள்ளே வைத்து, சம்பந்தி புதன்கிழமையே ரயிலில் அனுப்பிவிட்டார்.

நெருப்புப்பெட்டி கேட்கும் சாக்கில் அன்றைக்கே போய்ப் பார்த்தேன். முழ நீள மீசை, உடம்பெல்லாம் முள். இதைத் தின்னத் துணிந்த முதல் மனிதன் எத்தனை நாள் பட்டினி கிடந்திருப்பானோ.

வியாழன் காலை, ஹாஷிம் மனைவி றலியா போட்ட சத்தத்தில் என் கோப்பி கையிலேயே சிந்தியது. ஓடினேன். ஓர் இறாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மீசை, கால், முள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அப்பளம் போல எடையே இல்லை. முதுகுக்கும் வாலுக்கும் நடுவில் ஒரு பிளவு.

"உள்ளுக்கு ஒண்டுமே இல்ல ஐரின். சதையெல்லாம் எங்க போன?"

ஓட்டை உடைக்காமல் சதையை மட்டும் யார் உருவ முடியும்? ராத்திரி பீப்பாய் இருந்த அடுக்களையில் படுத்தவள், சமைக்க வந்திருந்த றம்லத் ஒருத்திதான். விருந்து வீடுகளுக்குச் சமைத்துப் பிழைக்கும் விதவை. கையில் நல்ல பக்குவம் உண்டு. அந்தப் பக்குவம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

"சட்டிய மோந்து பாத்தீங்களா?" என்று றலியாவின் காதில் போட்டேன்.

"ராத்தா, நான் அதுக்குக் கிட்டப் போகவே பயந்து வாசப்படியில படுத்த," என்றாள் றம்லத், அது காதில் விழுந்து.

பத்து மணிக்குள் இந்தச் சந்தேகத்தோடு தெருவில் ஒரு சுற்று வந்துவிட்டேன். பாதிப் பேர் நம்பவில்லை, ஆனால் எல்லாரும் கேட்டார்கள். ஸெய்னுலாப்தீன் வீட்டில் அடுத்த மாதம் கலியாணம். சமையல் றம்லத்துக்கென்று பேசி வைத்திருந்தார்கள். மத்தியானம் ஆள் வந்தது: வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்களாம். ஒரு வீடு கை கழுவினால் கண்டி முழுக்கக் கழுவிவிடும். அது அவளுக்கும் தெரியும்.

றம்லத் அழவில்லை. பீப்பாயருகில் வந்து நின்றாள்.

"எத்தின வந்த?"

"ஆறு."

"இப்ப எத்தின ஈக்கி?"

"அஞ்சு," என்றாள் ஹிதாயா.

"பானைக்குள்ள பாத்தீங்களா?"

யார் பார்த்தோம்? மீசையை எண்ணியதோடு சரி. றம்லத் கண்ணை மூடிக்கொண்டு பானைக்குள் கையை விட்டாள். துருப்பிடித்த கீல் போல ஒரு சத்தம். அவள் கையை எடுக்கவில்லை. அது வெளியே வந்தபோது அதில் தொங்கியது இன்னொரு இறால். ஊறப்போட்ட தோல் மாதிரிக் கொழகொழவென்று.

இரண்டையும் சுளகில் பக்கத்துப் பக்கமாகக் கிடத்தினோம். முள்ளுக்கு முள் சரி. ஒன்றில் கடினம், மற்றதில் மெழுகு. ஓட்டில் இடப்பக்கம் ஒரு கால் அடியோடு இல்லை. மெழுகு உடம்பில் அதே இடத்தில் விரல் நுனியளவு ஒரு புதுக்கால் முளைத்திருந்தது. நான் வளர்ந்த பன்விலவில் பாம்புச் சட்டை பார்த்தவள்தான். ஆனால் காலும் மீசையும் கண் மேல் மூடியும் சேர்த்து ஒரு பிராணி தன்னையே கழற்றி வைக்கும் என்று யார் கண்டது?

"இதெல்லாம் ஈக்கிற வெலிகமைக்கு நான் போகல்ல உம்மா," என்றாள் ஹிதாயா.

கழற்றியது தெரிந்தால் மற்ற ஐந்தும் அதைத் தின்றுவிடும், அதனால்தான் பானைக்குள் ஒளிந்துகொண்டது என்று மறுநாள் சம்பந்தி சாதாரணமாகச் சொன்னபோது எங்களுக்கு இன்னொரு தரம் தூக்கிவாரிப்போட்டது.

றம்லத் என் பக்கம் திரும்பினாள். "ஐரினக்கா, காலையில எத்தின வீட்டுக்குப் போன?"

"மூணு."

அவள் மூன்று விரலை மடக்கிவிட்டு நாலாவதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதிர் வீடும் மதலேனா வீடும் சேத்தா அஞ்சு."

"அஞ்சுக்கும் இதத் தூக்கிட்டுப் போங்க. ஸெய்னுலாப்தீன் நானா வீட்டுக்கு மொதல்ல. ஓட்ட மட்டும் காட்டினா நான் திண்டதுக்கு அதுவே சாட்சியாப் போகும். ரெண்டையும் காட்டுங்க."

ஒரு கையில் மெழுகு இறால் கிடந்த கடல் தண்ணீர் வாளி, ஒரு கையில் ஓடு வைத்த சுளகு. அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஸெய்னுலாப்தீன் மனைவி ஓட்டைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். உள்ளே அது கிறீச்சிட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள்.

"றம்லத், தப்பு எங்கடதான். வந்து சமைச்சுத் தாங்க."

றம்லத் அம்மியிலிருந்து தலை தூக்கவில்லை.

"வாறன். ஆனா அண்டைக்கு அடுக்களைக்குள்ள இவ வரப்படாது."

கலியாணத்தன்று அவள் இறக்கிய பிரியாணியை நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். பிறகு சாப்பிட்டபோது கொஞ்சம் உப்புக் கூட என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.