மணப்பட்டு வரைக்கும்

உலை கொதித்து விளிம்பைத் தொடும் நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் கிளம்பிற்று. அகப்பையோடு நின்றிருந்த ஆதிலட்சுமி வாசல் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டாள். கொழுந்தன் கண்ணையன்தான் வண்டியை உதைத்துப் பார்க்கிறான் என்று அறிவு எடுத்துச் சொல்வதற்குள் உடம்பு முந்திக்கொண்டு விடுகிறது. கண்மூடித் திறக்கும் அந்த நேரத்துக்குள் தணிகைவேல் வந்து இறங்கிவிடுகிறான். தோல் தொப்பியைக் கழற்றுகிறான், காத்துக்கண்ணாடி அழுத்திய தடம் கண்ணைச் சுற்றி வெளுப்பாகத் தெரிய, தண்ணீர் கேட்கிறான். பிறகு இல்லாமல் போகிறான். ஐந்து வருஷமாக இப்படித்தான். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்து சாம்பலைக் கிளப்பியது. வாசலில் வண்டி இருமி, புகை கக்கி, நின்றும் போயிற்று.

"மண்ணெண்ணெய ஊத்தினா இன்னா இழுக்கும்?" என்று கண்ணையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது உள்ளே கேட்டது.

வண்டி தணிகைவேலுடையது. புதுச்சேரி நூலாலை ஒன்றில் எஞ்சின் பக்கம் அவனுக்கு வேலை. அங்கிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் ஊருக்கு விடுப்பில் போகும்போது, தன் மோட்டார் சைக்கிளை அவனிடம் தள்ளிவிட்டுப் போனார். வண்டியோடு அதன் சாமான்களும் வந்தன. முழங்கை வரை ஏறும் தோல் கையுறை, காதை மூடும் தொப்பி, கண்ணாடி, முட்டிக்குக் கீழே தொங்கும் காக்கிக் கோட்டு, கார்பைடு விளக்கு. பாகூர்த் தெருவில் அந்தக் கோலத்தில் அவன் வந்து இறங்கிய முதல் நாள், மாடுகள் தும்பை அறுத்துக்கொண்டு ஓடின. ஊர் அதற்குப் பட்பட்டு என்று பெயர் வைத்தது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஆதிலட்சுமிக்கு. புருஷனைக் காட்டிலும் அந்தக் கோட்டு அவளுக்கு அதிகம் பழகிப்போயிற்று என்றால் தப்பில்லை. விடியலில் போகிறவன் விளக்கு வைத்துத்தான் வருவான். வந்ததும் கோட்டை உதறி ஆணியில் மாட்டுவது அவள் வேலை. புழுதியும் பெட்ரோலும் வேர்வையும் சேர்ந்த வாசனை அதில் இருக்கும். கையுறைகளை மாடத்தில் வைப்பாள். கழற்றி வைத்த பிறகும் அவை கைப்பிடியைப் பிடித்தாற்போல விரல் வளைந்தே கிடக்கும்.

அவள் பிறந்தது கரையாம்புத்தூர். நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவள், கடலைப் பார்த்ததில்லை. பாகூரிலிருந்து மணப்பட்டு ஒன்றும் சீமையில் இல்லை. மணப்பட்டிலிருந்து கெங்கம்மாள் கூடை சுமந்து நடந்தே வந்து மீன் விற்றுவிட்டு நடந்தே திரும்புகிறாள். ஆனாலும் பெரிய குடித்தனக்காரர் வீட்டு மருமகள் என்னவென்று சொல்லிக்கொண்டு கடல் பார்க்கப் போவது? ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே புருஷனிடம் கேட்டுவிட்டாள்.

"இட்டுக்கினு போறேன். பின்னாடி வெறும் கம்பியா கீது, உக்காந்தா இடுப்பு வுட்டுப்பூடும். ஒரு மெத்தை தச்சிப் போடு, போலாம்" என்றான்.

அவள் அன்றைக்கே இலவம்பஞ்சு எடுத்தாள். பழைய வண்டிப்படுதாவின் கெட்டித்துணியை வெட்டி, கோணி ஊசியால் இரட்டைத் தையல் போட்டு, நாலு மூலைக்கும் நாடா வைத்தாள். விரல் நுனியெல்லாம் பொத்தல். தணிகைவேல் அதைக் கம்பிமேல் இழுத்துக் கட்டி, கையால் தட்டிப் பார்த்து, "ராணி கணக்கா உக்காந்து வரலாம்" என்று சிரித்தான். அந்த வாரம் அறுவடை வந்தது. அடுத்த வாரம் ஆலையில் ஏதோ வேலைநிறுத்தம். அதற்கப்புறம் மெத்தைமேல் புண்ணாக்கு மூட்டை ஏறியது. பிறகு கடல் தாண்டிச் சைகோன் போகும் பேச்சு வந்துவிட்டது. அதே எஞ்சினியர் அங்கே மின்சாரக் கம்பெனிக்குப் போயிருந்தார். நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று இவனைக் கூப்பிட்டார். வீடு பார்த்துவிட்டு உன்னை வரவழைக்கிறேன் என்று சொல்லி, ஒரு மாசி மாதக் காலையில் தணிகைவேல் கப்பலேறப் புறப்பட்டான். வண்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமே, அதற்காகக் கண்ணையன் பின்னால் உட்கார்ந்து போனான், அவள் தைத்த மெத்தைமேல்.

தெருக்கோடியில் வண்டி திரும்பும் இடத்தில் ரப்பர் ஹாரனை இரண்டு தரம் அழுத்துவது தணிகைவேலின் வழக்கம். பாம், பாம். வாசற்படியில் நிற்கும் அவளுக்கு அது போய் வருகிறேன் என்று சொல்வதுபோல. எல்லோர் முன்னாலும் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற ஆண், ஊரே கேட்கும்படி அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அந்த மாசிக் காலையிலும் ஹாரன் கேட்டது. பிறகு கண்ணையன் ஓட்ட ஆரம்பித்தபோது அவனும் அங்கே இரண்டு தரம் அழுத்தினான். அண்ணன் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது, பாவம், அண்ணி மனசு நோகக்கூடாதென்று செய்கிறான் என்று அவனிடமும் அவளுக்கு ஒரு வாஞ்சை உண்டாயிற்று.

சண்டை வந்தது. சைகோனில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்றார்கள். கப்பல் நின்றது, கப்பலோடு சேதியும் நின்றது. அங்கே போனவர்களில் பாதிப்பேருக்கு அந்த ஊர்ப் பொம்பளையோடு குடும்பம் உண்டு என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். அவள் போனால் பேச்சு மாறும். பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. டயர் வெடித்து, உள்ளே துணி சுற்றி ஓட்டினான் கண்ணையன். கோட்டைப் பூச்சி அரித்தது. ஆதிலட்சுமி மட்டும் தினமும் காலையில் எண்ணெய்த்துணியால் வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாள். வந்தவன் முதலில் வண்டியைத்தான் பார்ப்பான். அவளுக்குத் தெரியும்.

ஐந்தாம் வருஷத்து ஆனி மாதம் உழவு மாட்டில் ஒன்று அடைப்பான் நோய் கண்டு செத்தது. கண்ணையன் அலைந்து திரிந்து ஓர் ஆளைப் பிடித்து வந்தான். கடலூர்ப் பக்கத்து வியாபாரி. புது வண்டி எதுவும் இப்போது சீமையிலிருந்து இறங்குவதில்லை, உள்ளதை வாங்கிச் சீர்செய்து விற்றால் லாபம் என்பது அவர் கணக்கு. வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தவர், காசு வேண்டாம், மாட்டுக்கு மாடாக ஒரு நல்ல ஜோடி தருகிறேன் என்றார். மறுநாளே இரண்டு காளைகளை ஓட்டிவந்து கொட்டகையில் கட்டினார். ஒரு தகரம் பெட்ரோலும் வைத்தார். மாடு பிடித்திருந்தால் நாளைச் சாயங்காலம் வண்டியை ஓட்டிவந்து விட்டுவிடு, சாமான்களையும் சேர்த்து என்று சொல்லிப் போனார்.

கண்ணையன் முற்றத்தில் வந்து நின்றான். "அண்ணி சரின்னாதான். அண்ணன் பொருளு அது."

ஆதிலட்சுமி வாயைத் திறப்பதற்குள் மாமியார் தையலம்மாள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாடா அவசரம்? அவன் வந்து கேட்டா இன்னா பதில் சொல்லுவ? உசுரோட இருக்கறவன் பொருள வித்துத் தின்னதா ஊர்ல பேசவா?"

"ஏரு பூட்டணும் ஆயி. ஒத்த மாட்ட வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"எதுவோ பண்ணு. அவன் வருவான்."

இரண்டு பேரும் தன்னையே பார்ப்பது ஆதிலட்சுமிக்குத் தெரிந்தது. வேண்டாமென்றால் ஏர் நிற்கும். சரியென்றால், அவன் வரமாட்டான் என்று பெண்டாட்டி வாயாலேயே சொன்னதாகும். அவள் எழுந்து வண்டியருகே போனாள். இருக்கைக்குக் கீழே இரண்டு கெட்டிச் சுருள் கம்பிகள், அவற்றில் ஒன்றில் துரு. தினமும் துடைத்தும் துரு. எண்ணெய்த் தொட்டியின் சிவப்புச் சாயம், அவன் முட்டி உராய்ந்த இடத்தில் தேய்ந்து தகரம் தெரிந்தது. இதைத் துடைக்கும்போதெல்லாம் அவள் கை இங்கே தயங்கும்.

"குடுத்துடுங்க தம்பி" என்றாள். பிறகு, "அதுக்கு முன்னாடி என்னை ஒருவாட்டி மணப்பட்டு வரைக்கும் இட்டுக்கினு போங்க" என்றாள்.

கண்ணையன் அம்மாவைப் பார்த்தான். கொழுந்தன் பின்னால் உட்கார்ந்து பட்டப்பகலில் தெருவைக் கடப்பதென்றால் சும்மாவா? தையலம்மாள் நெடுநேரம் மருமகளையே பார்த்திருந்தாள். கோபம் அவள் முகத்தில் ஏறியதும் தெரிந்தது, எங்கேயோ இறங்கிப் போனதும் தெரிந்தது.

"தலைல துணிய நல்லா இறுக்கிச் சுத்திக்கோ. காத்து அடிக்கும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே புறப்பட்டார்கள். மெத்தை நைந்து பஞ்சு ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தது. ஆதிலட்சுமி ஒருக்களித்து உட்கார்ந்து, இருக்கைக்கு அடியிலிருந்த சுருள் கம்பியை இறுகப் பிடித்தாள். கண்ணையன் காத்துக்கண்ணாடியை அவளிடம் நீட்டினான். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. நல்ல பெட்ரோல் அல்லவா.

இத்தனை வருஷமாக அவள் அந்தச் சத்தத்தை எட்ட நின்று கேட்டவள். இப்போது அது எலும்புக்குள் ஏறியது. தெருவில் நின்ற பெண்கள் வாயைப் பொத்துவது தெரிந்தது, அவர்கள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. காற்றும் எஞ்சினும் காதை அடைத்துவிட்டன. வாசலில் மாமியார் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்க முயன்றாள். உடம்பைத் திருப்பினால் வண்டி சாய்ந்தது. "அசையாதீங்க அண்ணி!" என்று கண்ணையன் கத்தினான். ஓரக்கண்ணால் பார்த்தபோது வீடு ஏற்கெனவே தீப்பெட்டி அளவுக்குப் போயிருந்தது. இவ்வளவு சீக்கிரமா? வாசற்படியில் நிற்பவளுக்கு வண்டி மறைய எவ்வளவோ நேரம் பிடிக்கும். வண்டியில் போகிறவனுக்கு வாசற்படி ஒரு நொடியில் இல்லாமல் போய்விடுகிறது. தெருக்கோடித் திருப்பத்தில் கண்ணையன் ஹாரனை இரண்டு தரம் அழுத்தினான்.

ஏரிக்கரை, நாற்றங்கால், கரும்பு, மறுபடி கரும்பு. கடலூர்ச் சாலையைத் தாண்டியதும் மண் வெளுத்து, பனையும் முந்திரியும் வந்தன. காற்றில் உப்பு ஏறியது. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்து காதுவரை போயிற்று. அது காற்றினால்தான். சவுக்குத் தோப்பின் ஓரம் மணலில் சக்கரம் புதைந்து வண்டி நின்றது.

அவள் இறங்கினாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, ரொம்ப நாளாகத் தெரிந்ததை உறுதி செய்துகொள்வதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"திருப்பத்துல எதுக்குத் தம்பி ஹாரன் அடிச்சீங்க?"

"அதுவா? அந்தாண்ட மதகு மேல வண்டி ஏறி வந்தா இந்தாண்ட தெரியாது அண்ணி. ஒருதபா மாட்டு வண்டில மோதப் பாத்துது அண்ணன். அதுலேந்து அங்க வந்தா ரெண்டு தபா அடிக்கும். எனக்கும் அதே பழக்கம் ஆயிடுச்சி."

அவள் தலைத்துணியை அவிழ்த்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கண்ணையன் அவள் முகத்தைப் பார்த்தான். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் ஏதோ உடைந்தது என்று மட்டும் புரிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கோசரமும் அடிச்சிருக்கும் அண்ணி" என்றான், மணலைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பொய்க்காக அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு மேட்டில் ஏறினாள்.

கடல் அவள் நினைத்ததுபோல் இல்லை. ஏரியைப் பெரிதாக்கி வைத்திருந்தாள் மனசில். இது நிமிர்ந்து நின்றது. கரை நெடுக ஆட்கள் இரண்டு சாரியாக நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெரிய வடங்கள் தண்ணீருக்குள் போயிருந்தன, வலை எங்கோ அலைகளுக்கு அப்பால். இழுப்பவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்து வடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மீன்காரக் கெங்கம்மாள்.

"இன்னாம்மா இது, நீயா! இங்கயா!" என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "புருசன் வந்துட்டாரா?"

"இல்ல கெங்கம்மா." ஆதிலட்சுமி தண்ணீரைக் காட்டினாள். "சைகோன் எந்தப் பக்கம்?"

கெங்கம்மாள் கடலைப் பார்த்தாள், நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்துவரும் கடலை இன்றுதான் பார்ப்பதுபோல. "யாரு கண்டா? எல்லாம் அந்தாலதான்" என்றாள். அவளை மேலே எதுவும் கேட்காமல் வடத்துக்குத் திரும்பிப் போனாள்.

ஆதிலட்சுமியும் பின்னாலேயே நடந்தாள். ஈர மணல் காலுக்குக் கீழே இளகிக் கொடுத்தது. கெங்கம்மாளுக்கும் முன்னாலிருந்த கிழவனுக்கும் நடுவே இடம் இருந்தது. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தாள்.

"வேணாம்மா, கை கிழிஞ்சிடும்!"

நார் முரடாக, குளிர்ந்து இருந்தது. அவள் விடவில்லை. யாரோ பாட்டுப்போல ஒரு குரல் எடுக்க, எல்லோரும் பின்னால் சாய்ந்தார்கள், அவளும் சாய்ந்தாள். வடம் விறைத்து, முறுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. மேட்டுக்கு அப்பால் கண்ணையன் வண்டியைக் கிளப்பி வைத்தான். சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. அவள் திரும்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த மறுமுனையில் கனமாக எதுவோ இருந்தது. ஒவ்வோர் அலைக்கும் அது அவளைக் கடல் பக்கமாக ஓரடி இழுத்தது. குதிகாலை மணலில் ஊன்றி அவளும் இழுத்தாள்.