தாளில் எழுதிய தண்ணீர்

நான் குளியலறையில் யூரின் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் இதய டாக்டர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் என் கணவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்தார். நர்ஸ்தான் விஷயத்தைச் சொன்னாள். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிவிட்டதாம். வந்த அன்றைக்கு ஒன்று புள்ளி இரண்டு, இன்றைக்கு இரண்டு புள்ளி ஆறு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமாம். சிறுநீரக டாக்டர் மத்தியானம் வருவார் என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நாங்கள் வந்தது இதயத்துக்கு. தொடை வழியாகக் குழாயை விட்டு, ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சுவலி போய்விட்டது, இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இப்போது சிறுநீரகம் என்கிறார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்களோ என்று நினைத்தேன். அப்புறம்தான் முதல்நாள் நர்ஸ் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. படம் தெளிவாகத் தெரிவதற்காக ரத்தத்தில் ஒரு மருந்தைச் செலுத்துவார்களாம். அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டுமாம். இவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. இதயம் பலவீனமாக இருப்பதால் டிரிப்பை வேகமாக ஏற்ற முடியாது, அதனால் வாய்வழியாக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி, என் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தாள். அதில் இரண்டு கட்டம். ஒன்றில் உள்ளே போனது, இன்னொன்றில் வெளியே வந்தது.

அளவு எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தால் கேட்கவா வேண்டும். இருபத்தாறு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். கால் அங்குலம் தப்பினால் எனக்குத் தூக்கம் வராது. டம்ளரில் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீர் மட்டம் ஆடி அடங்கும்வரை காத்திருந்து எழுதினேன். இருநூறு உள்ளே, நூற்றெண்பது வெளியே. இருநூறு உள்ளே, நூற்றுத் தொண்ணூறு வெளியே. நர்ஸ் என் தாளை அடுத்த கட்டில்காரரின் மனைவியிடம் காட்டி, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆயாவைப் பாட்டிலைத் தொடவே விடவில்லை. என் புருஷனுடையதை இன்னொருத்தி ஏன் எடுக்க வேண்டும் என்று நானே எடுத்துப் போய்க் கொட்டினேன்.

மத்தியானம் சிறுநீரக டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். என் தாளை இரண்டு தடவை படித்தார். இவ்வளவு நன்றாகப் போகிறது, பிறகு ஏன் ஏறுகிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நிறம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார்.

"தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு டாக்டர்" என்றேன், ஏதோ நான் தைத்த துணியைக் காட்டுகிறவளைப் போல.

அவர் இவருடைய காலை அழுத்திப் பார்த்தார். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். நுரையீரலில் லேசாக நீர் கோத்த மாதிரி சந்தேகம் இருக்கிறது, சிறுநீர்தான் நன்றாகப் போகிறதே, இதயத்துக்கு எதற்குச் சுமை, டிரிப்பை நிறுத்திவிடலாம் என்று நர்ஸிடம் சொன்னார். நாளைக் காலையும் ஏறியிருந்தால் டயாலிசிஸ் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று என்னிடம் சொன்னார். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை என்று ஊரில் சொல்வார்கள், அது நமக்கே வரும் என்று யார் நினைத்தார்கள்.

நர்ஸ் டிரிப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். நான் டம்ளரை நிரப்பி நீட்டினேன். வழக்கம்போல், வைத்துவிட்டுப் போ, குடிக்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வழக்கம்போல், பாட்டிலைக் கொடுத்துவிட்டு வெளியே நில் என்றார். திரையை இழுத்துவிட்டு நின்றேன். கூப்பிட்டார். உள்ளே போய் பாட்டிலை வாங்கினேன்.

அப்போதுதான் என் கை என்னிடம் பேசியது. பாட்டில் சில்லென்று இருந்தது.

இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். தொட்டிலில் கையை விட்ட மாத்திரத்தில் எது தண்ணீர், எது மூத்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இரண்டு நாளாக இந்தப் பாட்டில் என் கையில் சில்லென்றுதான் இருந்திருக்கிறது. வாடையும் இல்லை. கைக்குத் தெரிந்ததை நான் எழுதவில்லை, கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினேன். அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேனா? இன்றுவரை அது எனக்கு விளங்கவில்லை.

பாட்டிலைக் கீழே வைத்தேன். "ஏங்க, இங்க வந்ததுலேர்ந்து ஒரு டம்ளராவது குடிச்சீங்களா?"

மின்விசிறியைப் பார்த்தார். "நாலு மணிக்குள்ள போகலைன்னா குழாய் போடுவேன்னு அந்தப் பொண்ணு சொன்னாள்ல."

மூத்திரம் போகாவிட்டால் உள்ளே குழாய் விட்டு எடுப்போம் என்று முதல்நாள் நர்ஸ் சொன்னது உண்மைதான். அந்தப் பயத்தில் முதல் டம்ளரைப் போர்வைக்குள் பாட்டிலில் கவிழ்த்திருக்கிறார். நானும் நூற்றெண்பது என்று எழுதி, நர்ஸும் சபாஷ் போட்டதும் அப்படியே தொடர்ந்துவிட்டார். வாயை நனைக்கிற அளவுக்குத்தான் குடித்திருக்கிறார். மூத்திரம் வந்ததே ராத்திரி நான் தூங்கின நேரத்தில், குளியலறையில் இரண்டொரு தடவை கொஞ்சமாகத்தானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன். மறைத்ததற்குக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

"சரி, குழாய்க்குப் பயம். குடிக்கிறதுக்கு என்ன?"

"குடிச்சா வண்டிய எங்க நிறுத்துறது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் கிளம்பினால் அடுத்த டிப்போவரை நாலரை மணி நேரம். நடுவில் இறங்க இடம் கிடையாது, இடம் இருந்தாலும் அறுபது பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் குடிக்காமலே இருக்கப் பழகிவிட்டார். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் வீட்டில் அரை டம்ளருக்கு மேல் குடிக்க மாட்டார். ஒட்டகம் என்று நான் கேலி செய்வேன். கேலி செய்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. எனக்கு அவரைத் திட்டவும் வந்தது, அழவும் வந்தது. இரண்டில் எது முதலில் என்று தெரியாமல் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சொல்லாதம்மா" என்றார். "நர்ஸு, டாக்டருன்னு சின்னப் பிள்ளைங்க முன்னாடி மானம் போயிடும்."

அவர் மானம் எனக்குத் தெரியாததில்லை. பனியனோடு வாசலுக்குக்கூட வர மாட்டார். ஆனால் அந்தத் தாளைப் பார்த்துத்தானே டிரிப்பை நிறுத்தினார்கள். கழற்றிய குழாய் கம்பத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து, "வெளியே" என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டேன். பிறகு "உள்ளே" என்ற கட்டத்திலும் போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு நர்ஸ் மேஜைக்கு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் என்னைக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

நர்ஸ் சிறுநீரக டாக்டரைக் கூப்பிட்டாள். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுவதையும் கேட்டுக்கொண்டார். டிரிப்பை மெதுவாக மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, மூத்திரப் பையில் கொஞ்சம் இருக்கிறது, ஆறு மணிவரை பொறுப்போம், அதற்குள் தானாக வராவிட்டால் குழாய்தான் என்றார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"குடிக்காததாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

"தெரியலைம்மா. குடிச்சிருந்தாலும் சிலருக்கு வரும். குடிக்காததாலயும் இருக்கலாம். இப்ப எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் புருஷன்மேல் கோபப்பட்டிருக்கலாம். இல்லை என்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டு டாக்டர் போய்விட்டார்.

புதுத் தாள் வந்தது. டாக்டர் சொன்ன அளவைத்தான் கொடுத்தேன். இந்த முறை வைத்துவிட்டுப் போகவில்லை. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னோடு பேசவில்லை. ஐந்தேகாலுக்குப் பாட்டிலைக் கேட்டார். திரையை இழுத்தேன், ஆனால் வெளியே போகவில்லை. முதுகைக் காட்டி நின்றேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். ஐந்தரை ஆயிற்று. கால் மணி நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், நானும்தான்.

திரும்பாமலே கட்டில் கம்பியைக் கண்டக்டர் மாதிரி ஒரு தட்டுத் தட்டினேன்.

"டிப்போ வந்தாச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க."

பின்னால் ஒரு சிரிப்பா விசும்பலா என்று தெரியாத சத்தம் கேட்டது. பிறகு பிளாஸ்டிக்கில் சொட்டுகிற சத்தம். நின்றது, மறுபடி சொட்டியது.

பாட்டிலை என் கையில் கொடுத்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது, கடுந்தேநீர் நிறத்தில். கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். நாற்பது. இது போதுமா போதாதா, காலையில் அந்த எண் ஏறுமா இறங்குமா, எனக்கு ஒன்றும் தெரியாது. நர்ஸ் தாளைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றாள். பேனா பிடிக்கக் கை ஒழியவில்லை. பாட்டிலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடாக இருந்தது.