இடது கை காட்டிய பள்ளம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டு பால்கனியில் பழைய பெட்ஷீட் போர்த்தி நிற்கும் இரண்டு சைக்கிள்களிடமிருந்து வந்தது. ஆவடி பருத்திப்பட்டு, மூன்றாவது மாடி. ஒன்றரை வருடமாக அந்த பெட்ஷீட்டை யாரும் எடுக்கவில்லை. துவைப்பதற்குக்கூட.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் கையால் எழுதுகிறவள். தட்டச்சு செய்து தருபவர் வேறொருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அளவு தப்பினால் அவருக்குத் தூக்கம் வராது. என் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார். ஆனால் அடைப்புக்குறிக்குள் எதையாவது சொல்லிவைப்பார். அவற்றையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புவது வழக்கம். இந்த முறை நீக்கப் போவதில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘பூந்தமல்லியில் புது ஃபிளாட் வாங்கிய ஜெகதீஷும் ரோஷினியும் ஞாயிறுதோறும் மலையடிவாரம் வரை சைக்கிளில் போய்வந்தார்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை. இருவருக்கும்

(யாரு இந்த ஜெகதீஷ்? நாகலாபுரம் மலைக்கு பூந்தமல்லிலேர்ந்து கெளம்பறான்னா சுத்துவழி. ஆவடிதான் கிட்ட. — தட்டச்சு)

சரி, ஜெகதீஷை அனுப்பிவிடுகிறேன். வாக்கியம் பாதியில் நின்றதற்கும் அவன்தான் காரணம். முப்பது வயதுக்காரனுக்கு மேட்டில் மிதித்தால் எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ரோஷினி இன்னும் மோசம். கீழே விழுந்தால்கூட அழகாக விழுவாள் போலிருந்தது. எனக்கு வேண்டியது அசிங்கமாக விழுகிற ஒருத்தி.

3

இரண்டாவது தொடக்கம். இதில் பெயர்கள் உண்மையானவை.

அருள்மொழி, வயது நாற்பத்தேழு, பட்டாபிராமில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் கரூர். கணவர் ஏகாம்பரம், ஐம்பத்திரண்டு, அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவளுக்கு நாற்பத்து மூன்றில் சர்க்கரை எட்டிப்பார்த்தபோது, நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்க அவளுக்குச் சோம்பல். ஏகாம்பரம் இரண்டு சைக்கிள்களை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

முதலில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றினார்கள். பிறகு திருவள்ளூர். பிறகு பூண்டி. ஒரு வருடம் போனதும் ஊத்துக்கோட்டையைத் தாண்டி, சுருட்டப்பள்ளியில் டீ குடித்துவிட்டு, நாகலாபுரம் வரை. போக மட்டும் அறுபது கிலோமீட்டர்.

(அறுபத்தேழு. — தட்டச்சு)

விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பினால், ஊத்துக்கோட்டைக்கு அப்பால் வெயில் ஏறுவதற்குள் மலை வந்துவிடும். வந்துவிடும் என்றால், சாலையோரம் கூடவே வரும். லாரிச் சத்தம் நின்று, சாலை மெல்ல ஏறி இறங்க ஆரம்பிக்கும். எங்கள் இரண்டு செயின்களின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த இடத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைக் கதைக்குத் தகுந்த மாதிரி சொல்லத் தெரியவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

(‘அவள்’ என்று ஆரம்பித்தது ‘நான்’ ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். திருத்தவில்லை. இந்த அடைப்புக்குறி என்னுடையது.)

4

எங்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு.

ஒன்று, அவர் முன்னால், நான் பின்னால். எதிர்க்காற்றை அவர் வாங்கிக்கொள்வார். சாலையில் பள்ளம் வந்தால் அது இருக்கும் பக்கத்துக் கையைக் கீழே நீட்டி விரலால் காட்டுவார். பின்னால் வருகிறவளுக்கு முன்சக்கரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்தக் கையை நம்பித்தான் போக வேண்டும்.* இடது கை என்றால் இடப்பக்கம் பள்ளம். அவ்வளவுதான் பாடம்.

இரண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்பார்.

“அருளு, வந்துகினு கீறியா?”

“வரேங்க.”

மேட்டில் மூச்சு வாங்கும்போது நான் பதில் சொல்ல மாட்டேன். அவரும் எதிர்பார்க்க மாட்டார். பேசிக்கொண்டே போவார். ஸ்டோரில் காணாமல் போன பேரிங், ஆவடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக் பொண்ணு பார்க்கப் போன கதை, எல்லாம் முதுகு வழியாகத்தான் எனக்கு வரும்.

* கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். பள்ளத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

5

இனி விழ வேண்டும். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன வருடத்துக்கு முந்தைய புரட்டாசி, நாகலாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால். முந்தின நாள் மழை. சின்ன மேடு ஏறி, இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். வலப்பக்கம் மலை. அதன் பாதியை மேகம் மறைத்திருந்தது. இடப்பக்கம் பள்ளம். விழுந்தேன். காறை எலும்பு இரண்டு துண்டு.

திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கரூரிலிருந்து என் அண்ணன் திருமுருகன் மாலைக்குள் வந்துவிட்டார். இந்த வயதில் இவளுக்கு எதற்கு சைக்கிள் என்று ஆரம்பத்திலிருந்தே கேட்டவர்.

“எப்படி மாப்பிள்ளை விழுந்தா?”

நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கவில்லை.

“என் தப்புதான் மச்சான். பள்ளம் இருந்துச்சி. நான் கை காட்ல.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அவர் திட்டுகிற விதம்.

எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. அவர்தான் சைக்கிள் ஏறவில்லை. ஆசிக் என் சக்கரத்தை நேராக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அன்றே பெட்ஷீட் போர்த்தப்பட்டது. எனக்குச் சர்க்கரை மறுபடி ஏறியது. ஞாயிறு காலை நான்கரைக்கு இருவருக்கும் விழிப்பு வரும். எழுந்திருக்காமல் படுத்திருப்போம்.

6

இங்கே கதாசிரியை செய்யக்கூடியவை சில. அவரை ஒரு நாள் தானாக பெட்ஷீட்டை எடுக்கவைக்கலாம். அருள்மொழியைத் தனியாக மலைக்குப் போகவைத்து, அவர் பின்னாலேயே வந்து நிற்பதாக முடிக்கலாம். இரண்டுமே அச்சில் நன்றாக இருக்கும்.

இரண்டுமே பொய். ஏனென்றால் ஐந்தாவது பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன்.

தட்டச்சு செய்கிறவரே, இது உங்களுக்கு. வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் கை காட்டினீர்கள். இடது கை. விரல் கீழே. எனக்குத் தெரியும், ஓரக்கண்ணில் அது அசைந்தது. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டுகூட இல்லை, அதை எழுதிக்கொண்டிருந்தேன். ‘மலைக்கு மேலே மேகம்’ என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்திருந்தது. முடிவதற்குள் தரையில் கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் பழியை எடுத்துக்கொண்டபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணன் முன்னால் வெட்கமாக இருந்தது. அந்த ஒரு நிமிடம் சௌகரியமாகவும் இருந்தது. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பத்து நாள் போனது. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நேரில் சொல்லத் தைரியம் வராமல் இதை ஒரு கதையாக்கி, உங்கள் விரலாலேயே அடிக்கவைக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இதற்குக் கீழே அரைப் பக்கம் வெற்றிடம் விடுகிறேன்.

(கை காட்னது எனக்கும் தெரியும், அருளு. ஸ்டோர்ல கீற ஆளு, செஞ்சது செய்யாதது மறக்க மாட்டேன்.

நான் திரும்பிப் பாக்கல. கை காட்டிட்டு அப்டியே பேசிகினே போனேன். ஆசிக் கதை. நீ பதில் சொல்லல, மூச்சு வாங்குதுன்னு நெனச்சிகினேன். எறக்கம்ன்றது தோணவே இல்ல. அப்பறம்தான் பின்னாடி செயின் சத்தம் இல்லைன்னு தெரிஞ்சிது. திரும்பி வந்து சைக்கிள் மீட்டர்ல பாத்தேன், நானூறு மீட்டர். நீ ரோட்ல கெடக்க சொல்ல நானூறு மீட்டர் நான் உன்கிட்ட பேசிகினு போயிருக்கேன்.

இத்த உங்க அண்ணங்கிட்ட சொல்ல வாய் வர்ல. அதான் கை காட்லன்னு சொன்னேன். முன்னாடி ஏறி குந்தினா முதுகுக்குப் பின்னாடி நீ கீறியா இல்லியான்னு எனக்கு இனிமே தெரியாது. அதான் ஏறல.

ஞாயித்திக்கெழமை நீ முன்னாடி போ. நான் உன்ன பாத்துகினே வரேன். — தட்டச்சு)

7

தட்டச்சுப் பிரதி இன்று காலை டிபன் பாக்ஸின் அடியில் இருந்தது. பள்ளியில் பிரிக்காமல் வைத்திருந்து, மதிய இடைவேளையில் படித்தேன். சாப்பிடவில்லை. பக்கத்து மேசை கனிமொழி டீச்சர், “என்ன டீச்சர், கதையைத் திருப்பி அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பெட்ஷீட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இன்று வியாழன். ஞாயிறு இன்னும் வரவில்லை, ஆகவே அதை நான் எழுத முடியாது. முன்னால் போய்ப் பழக்கமில்லை எனக்கு. பள்ளம் இல்லாத இடத்திலும் கை காட்டுவேன் என்று நினைக்கிறேன். எதிர்க்காற்றில் திருவள்ளூர் தாண்டுவதற்குள் நாக்கு தள்ளிவிடலாம். மலை வரை போகாமலே திரும்பலாம். “வர்றீங்களா?” என்று கேட்கப் போவது இனி நான். பதில் வராவிட்டால் நின்று திரும்பிப் பார்ப்பேன். அது மட்டும் நிச்சயம்.

அந்த வாக்கியம் மட்டும் பாதியில் கிடக்கிறது. அதை நான் முடிக்கப் போவதில்லை. முன்னால் போகிறவள் சாலையைப் பார்க்க வேண்டும். நீங்கள் பின்னால்தானே வருகிறீர்கள், நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு மேலே மேகம்