பதினேழாம் நம்பர் வில்லை

பலகையில் நான்கு ஆணிகள். மூன்று காலியாக இருந்தன. நான்காவதில் பதினேழாம் நம்பர் பித்தளை வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணி. அரபு நாட்டு ருவைஸ் ஆலையில், ஓட்டத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுனுக்காகத் திறந்துபோட்ட கோபுரம் போன்ற இரும்புக் கலத்தின் கீழ்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ராக்கப்பன், வில்லையைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி வில்லையைப் பார்த்தான். மூன்று மணிக்கு அவனுக்குப் பரீட்சை. வில்லை இருக்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசைய முடியாது. நல்லா வந்து வாய்ச்சது நமக்கு என்று பல்லைக் கடித்தான்.

அவன் வேலை இதுதான். கலத்துக்குள் நுழைகிறவன் தன் வில்லையைத் தன் கையால் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தன் கையால் எடுக்க வேண்டும். அடுத்தவன் வில்லையை எவனும் தொடக்கூடாது. மாட்டியதையும் எடுத்ததையும் ராக்கப்பன் நேரம் போட்டு எழுதுவான். ஹோல் வாட்ச் என்று அதற்குப் பெயர். சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று கேம்ப்பில் கேலி செய்வார்கள். எட்டு மணி நேரம் ஓர் ஓட்டையையே பார்த்துக்கொண்டு, உள்ளே கேட்கிற ஒவ்வொரு சுத்தியல் சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருப்பது சும்மா இருப்பதா என்று அவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பரீட்சை திங்கட்கிழமையே ஒருமுறை நடந்து முடிந்திருந்தது. ஹோல் வாட்ச் எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரிய வேண்டுமென்று புதிதாக ஒரு சட்டம். பரீட்சை வைத்தவர் வெங்கட்ராமன், ட்ரெயினிங் ஆபீசர், சென்னைக்காரர். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை விழுந்து இந்த ஆலையில் யாரும் கேட்டதில்லை. ஹோல் வாட்சின் கடமை என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். ராக்கப்பன் விறைப்பாக நின்று சொன்னான்: "லெட் ஹிம் இன். ரைட் இட் டவுன். கால் ஹிம் அவுட்." வெங்கட்ராமன் பேனாவைக் கீழே வைத்தார். ஃபுல் சென்டன்ஸ், ஃபுல் சென்டன்ஸ் என்றார். பிறகு வரிசையில் நின்ற எட்டுப் பேரைப் பார்த்து, ராக்கப்பன் குரலிலேயே "லெட் ஹிம் இன்" என்று பேசிக் காட்டினார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், அவர்களும் பரீட்சை எழுத வந்தவர்கள்தானே. ராக்கப்பனுக்குக் காது மடல் வரை எரிந்தது. ஃபெயில். வியாழன் மூன்று மணிக்கு இன்னொரு வாய்ப்பு. அதையும் விட்டால் ஷட்டவுன் முடிந்த கையோடு விசா கேன்சல். முதுகுளத்தூருக்கு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். மதுரையில் மகள் சங்கீதா நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அவன் இங்கிலீஷை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. யான்புவில் ஆறு வருஷம், இங்கே ஐந்து வருஷம், காதாலும் கையாலும் சேர்த்தது. புட் இட் டவுன் என்று கத்தினால் இறக்கு, பிக் இட் அப் என்றால் தூக்கு. கொஞ்ச நாளில் அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. புட், டேக், கெட், டர்ன், லெட் என்று பத்துச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இந்த வெள்ளைக்காரர்கள் உலகத்து வேலையை எல்லாம் ஓட்டுகிறார்கள். வாலை மாற்றினால் போதும், வேலை மாறிவிடும். ஆன் என்றால் ஒன்று, ஆஃப் என்றால் அதற்கு நேர் எதிர். நடுவில் மட்டும் எப்போதும் ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கும். குழாய் என்றால் இட், ஆள் என்றால் ஹிம். அவனுக்கு ரொம்பப் பிடித்தது கெட் ஹிம் அவுட். மயங்கி விழுந்தவனை இரண்டு பேர் இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தூக்கி வருகிற மாதிரி, அந்த ஹிம் நடுவில் பத்திரமாக இருக்கும். திங்கட்கிழமை ராத்திரி, ரூமில் கூட இருக்கும் குளச்சல்காரப் பையன் ஜெகின் ஓர் இலக்கணப் புத்தகம் கொடுத்தான். ராக்கப்பன் நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதில் யாரும் எதையும் தூக்கவில்லை, இறக்கவில்லை, மூடவில்லை. ஜான் என்று ஒருவன் தினமும் பள்ளிக்கூடம் மட்டும் போய்க்கொண்டிருந்தான்.

"ஏ ராக்கப்பா, எந்திரியும் வே. மூடியப் போடணும், கிரேன் வந்தாச்சு." ஃபோர்மேன் பாலகுரு தூத்துக்குடிக்காரர், வரும்போதே அவசரத்தோடு வருகிறவர். "ஒமக்கு மூணு மணிக்குப் பரீச்சை இருக்குல்லா?"

"பதினேழு தொங்குதுண்ணே."

"அது அய்யப்பன்லா? அவன் மேல்வாசல் வழியா ஏறிப் போயிருப்பான் வே. பஜார் பஸ்ஸப் பிடிக்கணும்னு காலைலருந்து பறந்துக்கிட்டிருந்தாம்லா. வில்லைய மறந்துட்டான், அவ்வளவுதான்."

"போனத நீங்க பாத்தீகளா?"

"பாக்கணுமாக்கும்?" என்று பாலகுரு ஆணியை நோக்கிக் கையை நீட்டினார்.

ராக்கப்பன் எழுந்து பலகைக்கு முன்னால் நின்றான். "அத அவந்தான் எடுக்கணும். நீங்க தொட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பரீச்சை போச்சுன்னா ஊருக்குத்தான் மூட்டை கட்டணும். தெரியும்லா?"

"தெரியும்ணே."

தெரியாமல் என்ன. அய்யப்பன் பஸ்ஸில்தான் இருப்பான் என்பதும் அவனுக்கு ஏறக்குறையத் தெரியும். பத்துக்கு ஒன்பது பங்கு அப்படித்தான். அந்த மிச்சம் ஒரு பங்குதான் அவனை விடவில்லை. உள்ளே தட்டுத் தட்டாக ஆறு அடுக்கு. நாலாவது அடுக்கில் ஒருவன் மயங்கிக் கிடந்தால் அவன் கூப்பிட மாட்டான். அவனுக்காகப் பேச இந்த வில்லையை விட்டால் வேறு யாரும் இல்லை. கிரேன்காரன் யல்லா, யல்லா என்று அவசரப்படுத்திக் கத்தினான். மூடி சங்கிலியில் ஆடிக்கொண்டே இறங்கத் தொடங்கியது. ராக்கப்பன் ஸ்டூலை இழுத்து, வாசலுக்கு முதுகைக் கொடுத்து, மூடி எங்கே வந்து உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்தான். இனி அவன் மேல்தான் இறக்க வேண்டும். ரேடியோவை எடுத்து வாயருகே வைத்தான். அது எல்லோருக்கும் கேட்கிற சேனல்.

"ஸ்டாப். டோன்ட் க்ளோஸ் இட் அப். ஒன் மேன் இன். கெட் ஹிம் அவுட் ஃபர்ஸ்ட்."

ஆலை முழுக்க அந்தக் குரல் ஒலித்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். ராக்கப்பன் மறுபடி அதையே சொன்னான். ஃபுல் சென்டன்ஸ் கேட்கவில்லை அந்த வெள்ளைக்காரன். கிரேன் நின்றது. வாயு சோதிப்பவன் ஓடி வந்தான். இரண்டு பேர் டார்ச்சோடு, தங்கள் வில்லைகளை மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தார்கள்.

மூன்று மணி ஆனபோது ராக்கப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். சங்கீதாவின் முகம் வந்தது. இப்போது ஓடினால்கூட ஐந்து நிமிஷத்தில் ஆபீசுக்குப் போய்விடலாம். பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். மூன்று நாற்பதுக்கு இருவரும் வெளியே வந்தார்கள். உள்ளே யாரும் இல்லை.

"நான் அப்பவே சொன்னேம்லா!" பாலகுரு குதித்தார். "ஒரு மணி நேரம் வே! எவன் பதில் சொல்லுவான்?"

"உள்ள இல்லைன்னா வெளிய எங்கயோ இருக்கான்ல? கூட்டிட்டு வாங்க."

"ஒமக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"ஆமாண்ணே. கூட்டிட்டு வாங்க."

ஐந்து மணிக்கு ஒரு பிக்கப்பில் அய்யப்பனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முகத்தில் பவுடர், இஸ்திரி போட்ட சந்தன நிறச் சட்டை, சட்டைக்கு மேல் யாரோ மாட்டிவிட்ட ஹெல்மெட். பஜாரில் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். "அண்ணே, பஸ்ஸு போயிரும்னு மேல ஏறி ஓடிட்டேண்ணே, மறந்தே போச்சு..."

அவனை உயிரோடு பார்த்ததும் ராக்கப்பனுக்கு அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. பலகையைக் காட்டினான்.

"டேக் இட் ஆஃப்."

அய்யப்பன் வில்லையை எடுத்தான். ராக்கப்பன் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு விலகினான். "இப்ப மூடுங்கண்ணே" என்றான் பாலகுருவிடம்.

வெங்கட்ராமன் எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. ராக்கப்பனின் பரீட்சை முடிவை எழுத வேண்டிய படிவம், அட்டையில் செருகியபடி கையில் இருந்தது. ஆள் உள்ளே இல்லை, நீ சொன்னது தப்பு, பரீட்சைக்கும் வரவில்லை என்று இங்கிலீஷில் அடுக்கினார். ஒவ்வொன்றும் ஃபுல் சென்டன்ஸ்.

"வரலை சார்" என்றான் ராக்கப்பன் தமிழில். "இன்னொரு நாள் பரீச்சை வச்சாலும், அன்னைக்கும் வில்லை தொங்குச்சுன்னா வர மாட்டேன்."

சுற்றி நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். உள்ள நீங்க கெடந்தா, ரேடியோல நான் எந்த இங்கிலீஷ்ல சொல்லணும்? அதச் சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

வெங்கட்ராமன் படிவத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மூடி போய் உட்கார, முதல் போல்ட்டை முடுக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி அந்த இரும்பைப் பார்த்தார், பிறகு காலியான ஆணிகளைப் பார்த்தார். கடல் பக்கமிருந்து வந்த காற்றில் படிவம் படபடத்தது. ஒரு கை அதை அமுக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் பேனா, மூடி கழற்றாமல்.