சுனையைக் காட்டியவள்

தாராபணி மலைக் காட்டைக் காவல் காத்தவர்கள் கண்டபடா ஊரின் பெண்கள். காவலுக்குப் போனவள் சாயங்காலம் திரும்பியதும் கையில் இருந்த தடியை அடுத்த வீட்டு வாசலில் சாய்த்துவிடுவாள். மறுநாள் அந்த வீட்டுக்காரி போக வேண்டும். மொட்டையாகக் கிடந்த மலையில் சால மரங்கள் மறுபடி தழைத்ததும், வற்றிப்போன சுனையில் தண்ணீர் ஊறியதும் இப்படித்தான்.

இதைத் தொடங்கியவர்கள் கேதகியும் நிசாமணியும். எதிரெதிர் வீடுகளுக்கு மருமகள்களாக வந்தவர்கள். ஒருமுறை மரம் வெட்ட வந்த கும்பல் கேதகியைக் கோடாரிக் காம்பால் அடிக்கப் பாய்ந்தபோது, நிசாமணி அவள்மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள். அந்த அடியில் இறங்கிய நிசாமணியின் தோள் பிறகு நிமிரவே இல்லை.

சுனைக்குக் கரடிகள் குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வரும். அதனால் வெளியாள் யாருக்கும் அந்த இடத்தைக் காட்டுவதில்லை என்று பெண்கள் எல்லோரும் மலைத்தெய்வத்தின் முன் சத்தியம் செய்திருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் வனத்துறையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்து முற்றத்தில் பந்தல் போட்டு, பெண்களுக்கெல்லாம் சாமந்தி மாலை போட்டார்கள்.

"உங்கள மாதிரி அம்மாக்கள் இல்லேன்னா இந்தக் காடே இல்ல. இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம், எங்க ஆளுங்களே காவல் இருப்பாங்க. மேல சுனைப் பக்கம் கூடாரம் போடப்போறோம், டூரிஸ்ட் வருவாங்க. இலுப்பைப்பூ, கிழங்கு, விறகுன்னு நீங்க உள்ள போறத மட்டும் நிறுத்திக்கணும்" என்றார் அதிகாரி.

"மாலை போடறப்பவே நெனச்சேன். ஆட்டுக்கும் இப்படித்தான போடுவாங்க" என்றாள் பெண்களோடு உட்கார்ந்திருந்த ஜேமா. எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காது அவளுக்கு. யாரும் சிரிக்கவில்லை.

கேதகி எழுந்தாள். "எந்த சுனைங்கய்யா?"

"கரடி வர்ற சுனைதாம்மா. நிசாமணியம்மாதான கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் சம்மதம்னும் சொன்னாங்க."

கேதகி திரும்பிப் பார்த்தாள். நிசாமணி மாலையிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை குளத்துப் படியில் அவளைப் பிடித்தாள் கேதகி.

"ஏண்டி, சத்தியம் பண்ணினது மறந்துபோச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நிசாமணி துணியை அடித்துத் துவைப்பதை நிறுத்தவில்லை. "நீ எங்கிட்ட கேட்டியாக்கா? எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட நாலு இளமரம் வெட்டினேன். மாப்பிள்ளை வீட்டாளுங்க பாத்துட்டு நிக்கறாங்க, நீ பந்தக்காலப் பிடுங்கிப் போட்டுட்டு, என்ன காதப் பிடிச்சு மன்னிப்புக் கேக்க வெச்ச. எம் பொண்ண இன்னிக்கும் அங்க 'திருடி மக'ன்னுதான் கூப்பிடறாங்க."

"பச்ச மரத்த வெட்டக் கூடாதுங்கறது ஊர்க் கட்டு. எம் புள்ளைக்கும் அதே கட்டுதான்."

"உன் மேல விழுந்து அடி வாங்கினப்போ கட்டு பாத்தேனா?" என்றாள் நிசாமணி. குரல் உடைந்தது. "இந்தத் தோள வெச்சு எனக்கு வயல் வேலை முடியல. மலைக்கு வேலி போட்டதும் கேட்டுல காவலுக்கு என்னப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. போறேன்."

பந்தக்கால் விஷயத்தில் தான் செய்தது சரியென்றே கேதகி இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பெண்கள் மாவட்ட ஆட்சியரிடம் போய் முறையிட்டார்கள். ஊரின் சம்மதம் உண்டா இல்லையா என்று விசாரிக்க அவர் நாள் குறித்தார். நிசாமணி தான் சொன்னதை மறுத்துவிட்டால் போதும் என்றார் வக்கீல்.

அதைக் கேட்டதும் கேதகி ஊரைக் கூட்டினாள். எல்லோர் முன்னாலும் நிசாமணிக்கு எதிரே நின்று, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. சபையில உன்ன அப்படி நிக்க வெச்சிருக்கக் கூடாது."

நிசாமணி ஓடிவந்து அவள் கைகளை இறக்கிவிட்டு அழுதாள். "விடுக்கா, நீ போய் இப்படிப் பண்ணலாமா? நான் வந்து உண்மையச் சொல்றேன்." அன்று இருவரும் ஒரே தட்டில் பழைய சோறு சாப்பிட்டதை ஊரே பார்த்தது.

விசாரணைக்கு நிசாமணி காக்கி நிறச் சேலையில் வந்தாள். வேலை அதற்குள் கிடைத்திருந்தது. ஆட்சியர் கேட்டார். அவள் கேதகி இருந்த பக்கம் பார்க்கவேயில்லை.

"எல்லாருக்கும் சம்மதங்கய்யா. அந்தக்கா ஒருத்திதான் வேணாம்கறா. அவளுக்கு அதிகாரம் போயிடும்னு."

காதைப் பிடித்துக்கொண்டு நின்றதுகூடக் கேதகிக்கு வலிக்கவில்லை. அழுதாளே, அந்த அழுகையை நம்பினோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

மற்ற பெண்கள் சொன்னது எடுபடவில்லை; ஊருக்குச் சம்மதம் என்றே ஆட்சியர் தீர்ப்பளித்தார். மலையைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. பங்குனியில் இலுப்பைப்பூ உதிரத் தொடங்கியதும் கேதகி கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் போனார்கள். கேட்டில் நிசாமணி நின்றாள்.

"அக்கா, திரும்பிப் போயிடு. எனக்கு வேலை போயிரும்."

கேதகி அவளைத் தாண்டி நடந்தாள். நிசாமணி விசிலை ஊதினாள். காவலர்கள் வந்து பெண்களை வளைத்தார்கள். பேர் கேட்டபோது பெண்கள் வாய் திறக்கவில்லை. நிசாமணிதான் ஒவ்வொருத்தி பேரையும், வீட்டுக்காரன் பேரையும் சொன்னாள். காட்டுக்குள் அத்துமீறித் திருட நுழைந்ததாக வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஆட்சியர் தீர்ப்பை எதிர்த்துப் பெண்கள் போட்ட வழக்கும் நடக்கிறது. ஒரு வாய்தா முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது ஜேமா கேட்டாள்.

"அவ மேல உனக்கு ஆத்திரமே வரலியாக்கா? ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கற."

"வராம என்ன. காட்டுக்குள்ள போனாலும் போகாட்டியும் கேஸ நடத்துவேன், விடமாட்டேன்" என்றாள் கேதகி. "காலையில வாசல் தெளிக்கப் போனா எதிர்த்தாப்புல அவ நிக்கறாடி. இத்தன வருஷமும் எந்திரிச்சதும் மொதப் பேச்சு அவகிட்டதான். இப்பவும் வாய் தானாத் தொறக்குது. மூடிக்கறதுக்குள்ள உசுரு போகுது."