குசுகுசுத்தால் பேச்சா?

பெண்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்று டாக்டர் பத்ரிநாராயணன் சொன்னபோது, நான் ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கழுத்தில் சிலேட்டு தொங்கியது. அதை மாட்டிவிட்டவரும் அவர்தான்.

சொன்னது என்னிடம்கூட இல்லை, என் அண்ணன் ஷரஃபுதீனிடம். நான் பக்கத்து நாற்காலியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். தொண்டை என்னுடையது, நோவு என்னுடையது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"முடிச்சு ரெண்டும் அப்படியே இருக்கு. சொல்லப்போனா இன்னும் சிவந்திருக்கு. உங்க தங்கை பேசிண்டே இருந்திருக்கா, சாஹிப். பொய் சொல்றா."

பொய்யாம்! எனக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது. 'ஒரு வார்த்தை பேசவில்லை' என்று சிலேட்டில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் வஜீஹா. மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதில் நான் வாத்தியாரம்மா. வீட்டுக்காரர் விஷக் காய்ச்சலில் போன பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறேன், ஆனால் என் சோறு என் சம்பாத்தியம். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு தகரப் பட்டறை. நடுவில் சுவர் என்று பெயருக்கு ஒரு ஓலைத் தட்டி. உலகச் சண்டை முடிந்ததும் பட்டறைக்காரனுக்கு மிலிட்டரியின் பழைய டிரம்கள் மலிவாகக் கிடைத்தன. அவன் அவற்றை டங்கு டங்கென்று தட்ட, அதற்கு மேல் நான் கத்தி வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க, ஒரு வருஷத்தில் என் குரல் கரகரத்து, உடைந்து, பாதி வார்த்தையில் காணாமல் போக ஆரம்பித்தது.

பள்ளிக்கூடத்துச் செக்ரட்டரி ஹபீபுர் ரஹ்மான் சாஹிப் பொறுமையான மனுஷர்தான். கோடை லீவு விடும்போது சொல்லிவிட்டார். "தொறக்கறதுக்குள்ள தொண்ட சரியாவணும்மா. இல்லாங்காட்டி பெரிய கிளாஸ மூடிடறதுதான். வேற பொம்பள வாத்தியாருக்கு நான் எங்க போவேன்?"

பெரிய கிளாஸ் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்கள். அழுது அடம்பிடித்துப் படிக்க வந்தவர்கள். ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மறுபடி யார் அனுப்பப் போகிறார்கள்? நேரே மாப்பிள்ளை பார்ப்பார்கள். எனக்கு வேலை போவது ஒரு பக்கம். அந்தப் பிள்ளைகள் என் தொண்டையை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால்தான் தியாகராய நகரில் இந்த டாக்டரிடம் வந்தோம். சீமையில் படித்தவர். தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து, உள்ளே குரல் எழும்பும் இடத்தில் இரண்டு முடிச்சு இருக்கிறது, கத்திக் கத்திக் காய்த்துப்போனது என்றார். அவர் ஒரு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். இப்படித் தொண்டை கெட்டவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தைப் பேசவே கூடாது என்று வைத்தார். இன்னொரு கூட்டத்துக்குத் தொண்டை நோகாமல் பேசப் பயிற்சி கொடுத்தார். எது பலிக்கிறது என்று பார்த்து லண்டன் பத்திரிகைக்கு எழுதப் போகிறாராம். என்னைப் பேசாத கூட்டத்தில் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இப்போது நான் பொய்க்காரி.

"பொம்மனாட்டிகளுக்கு இந்த மௌன வைத்தியம் சரிப்படாதுன்னு எழுதிடப் போறேன்" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே டாக்டர் எழுந்தார். "அஃப்சருன்னிசான்னு இன்னொரு அம்மா. அவாளும் இப்படித்தான். சத்தியம் பண்றா, ஆனா முடிச்சு கரையல."

அண்ணி ஷகீலா என் காதோரம் குனிந்தாள். "வா, போலாம். ஜட்காக்காரன் நின்னுக்கினு கீறான். இந்தாள் கிட்ட இன்னா வெட்டிப் பேச்சு?"

புர்காவுக்குள்ளிருந்து நான் பதில் சொன்னேன். "என்ன பொய்க்காரிங்கறாரு அண்ணி. அத்தக் கேட்டுக்கினு வாயப் பொத்திக்கினு வரச் சொல்றியா?"

டாக்டர் சடக்கென்று திரும்பினார். "இதோ! இப்பப் பேசினாளே!"

"எங்க பேசினா?" என்றாள் அண்ணி.

"சார், நான் இங்கியே நின்னுக்கினு கீறேன். அவ பேசலியே" என்றான் அண்ணன். அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே முழித்தான்.

"குசுகுசுன்னு பேசினாளே, ஓய்!"

"குசுகுசுத்தா பேச்சா சார்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவருக்கு எங்கே தெரியும்? எங்கள் வீட்டில் முன்னறைதான் அண்ணனின் தையல் கடை. பொழுது விடிந்தால் பொழுது போனால் ஆம்பிளைகள் வருவார்கள், போவார்கள். நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் சமைப்பது, சண்டை போடுவது, சிரிப்பது, வைவது எல்லாமே குசுகுசுப்புத்தான். பேச்சு என்றால் திரையைத் தாண்டிக் கேட்பது. கேட்காதது பேச்சில்லை. பிறந்ததிலிருந்து எங்களுக்கு அதுதான் கணக்கு. டாக்டர் பேசாதே என்றார், நானும் பேசவில்லை. லீவில் வீட்டோடு கிடந்ததால் நாள் முழுக்கக் குசுகுசுத்தேன்.

டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டு, என் கழுத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். "இப்பக் குசுகுசுன்னு ஏதாவது பேசச் சொல்லுங்கோ."

"இந்தாளுக்கு வேற வேலையே இல்ல" என்று குசுகுசுத்தேன்.

"அய்யே! கல்லாட்டம் இறுவுதே!" என்று அண்ணி கையை இழுத்துக்கொண்டாள்.

"அதான்! குசுகுசுன்னு இறுக்கிப் பேசினா தொண்டைக்கு ஓய்வே கிடையாது. ஒரு மாசம் பாழ். என் ஆராய்ச்சியும் பாழ். முன்னாடியே சொல்லப்படாதா?"

இதுவும் என் தலையில்தானா? சிலேட்டைக் கழற்றி அவர் மேஜைமேல் டமாரென்று வைத்தேன். வாயைத் திறந்தேன். ஓட்டைத் தகரத்தை இழுத்த மாதிரிதான் குரல் வந்தது. வரட்டும்.

"நீங்க கேட்டீங்களா டாக்டர்? பேசாதேன்னீங்க. எங்கூட்ல எது பேச்சுன்னு கேட்டீங்களா? கேக்காம என்னப் பொய்க்காரின்னீங்க. இப்ப பொம்பளைங்களுக்கு வாய மூடத் தெரியாதுன்னு லண்டனுக்கு எழுதப் போறீங்க. அந்த அஃப்சருன்னிசாவும் என்னாட்டம் திரைக்குள்ள கீற கோஷா வீட்டுப் பொம்பளதானே? அவங்களக் கூப்ட்டுக் கேளுங்க. கேட்டுட்டு, தப்பு யார் மேலன்னு எழுதுங்க."

"வஜீ, உடு" என்று அண்ணன் என் புர்காவைப் பிடித்து இழுத்தான்.

"நான் இன்னும் முடிக்கல. எனக்கு அந்தப் பயிற்சியச் சொல்லிக் குடுங்க."

"கூட்டம் மாத்தினா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்மா."

"உங்க ஆராய்ச்சி கெட்டாச்சு. என் கிளாஸ் இன்னும் கெடல."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார். "வாயிலே வெத்தலை இருக்கிற மாதிரி மெல்லுங்கோ. மென்னுண்டே 'ம்ம்ம்'னு சத்தம் விடுங்கோ. உதடு கிணுகிணுங்கணும், தொண்டை இறுகப்படாது. வேளைக்கு வேளை பண்ணணும். முக்கியமா, வாய்விட்டுப் பண்ணணும்."

வாய்விட்டு. அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் காலையில் அடுப்பங்கரையில் நின்று மென்றுகொண்டே 'ம்ம்ம்' என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் அளவு கொடுக்க வந்திருந்த ஜவுளிக்கடை வெள்ளைச்சாமி கேட்டார். "என்ன ஷரஃபு, உள்ள கன்னுக்குட்டி ஏதும் கட்டி வச்சிருக்கீகளா?"

அண்ணன் முகம் செத்துப்போய் உள்ளே வந்தான். "மானம் போவுது வஜீ. கொல்லப்பக்கம் போய்ப் பண்ணேன்."

"கொல்லைக்கு அடுத்த ஊட்லயும் ஆளு கீறாங்க. கெணத்துல எறங்கிப் பண்ணட்டா?"

"கடை சாத்தினப்புறம் பண்ணு."

"வேளைக்கு வேளைன்னு டாக்டர் சொன்னது உன் காதுலயும்தானே உழுந்துச்சு? போண்ணா. போய்த் துணியத் தை."

போனான். நான் மறுபடி ஆரம்பித்தேன். தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. நான் தொடங்கினால் கடகடவென்று ஓடியது. கோபத்தில் மிதிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணி திரையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிஷினில் துணியே இல்லையாம். என் சத்தத்தை மறைக்க வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தான், பைத்தியக்காரன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சத்தத்தைக் குறைக்கவில்லை.

முதலில் 'ம்ம்ம்' மட்டும். பிறகு மென்றுகொண்டே வார்த்தை, வாக்கியம், வாய்ப்பாடு. குசுகுசுப்பை அடியோடு விட்டேன். உப்பு வேண்டுமென்றால் உப்பு என்று வாய்விட்டுக் கேட்டேன். டாக்டர் மறுபடி கண்ணாடி விட்டுப் பார்த்து, ஒரு முடிச்சு கரைந்துவிட்டது, இன்னொன்று சிறுத்திருக்கிறது என்றார். அஃப்சருன்னிசாவையும் கேட்டாராம், அதே கதைதானாம். "எல்லாம் முதல்லேருந்து பண்ணணும். இனிமே குசுகுசுக்கவும் கூடாதுன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் சொல்லிடறேன்" என்றார். பொய்க்காரி என்றதற்கு மன்னிப்பு? கேட்டார். கேட்க வைத்தேன்.

பள்ளிக்கூடம் திறக்க இருந்த வாரம் செக்ரட்டரி சாஹிப் கடைக்கு வந்தார். வெள்ளைச்சாமியும் இன்னும் இரண்டு பேரும் பெஞ்சில் இருந்தார்கள். அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு ஸலாம் சொல்வது கேட்டது.

"ஷரஃபு, பெரிய கிளாஸ மூடிடலாம்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. தங்கச்சிக்குத்தான் தொண்ட போயிடுச்சே, பாவம்."

"போவல சாஹிப்" என்றேன்.

நான் திரையைத் தாண்டவில்லை. குரல் தாண்டியது. அதில் கரகரப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை உடையவில்லை. அண்ணன் மிஷினில் கால் வைக்கப் போகிறான் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

"என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. கிளாஸ நடத்த நான் வர்றேன். ஆனா இனிமே டிரம்முக்கு மேல கத்த மாட்டேன். அந்தத் தட்டியப் பிச்சிட்டு செங்கல் சுவர் வையுங்க."

"மெதுவாம்மா, மெதுவா" என்றார் சாஹிப். "ஆம்பளைங்க உக்காந்துக்கினு கீறாங்க."

"மெதுவாப் பேசிப் பேசித்தான் சாஹிப், இந்தத் தொண்ட ஆறாமக் கெடந்துச்சு. கிளாஸ் உண்டா, இல்லியா? அத்தச் சொல்லுங்க."

யாரோ செருமினார்கள். பெஞ்சு கிரீச்சிட்டது. கடைசியில் சாஹிப்பின் வாயிலிருந்து ஏதோ வந்தது. உண்டு என்றுதான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் குசுகுசுவென்று சொன்னார்.

"கேக்கல, சாஹிப்" என்றேன்.